நல்ல சதை வரும் வரை

வாசலில் செருப்பைக் கழற்றிய பியாட்ரிஸ், உள்ளே நுழையாமல் வழக்கம்போல ஒரு கணம் நின்று காது கொடுத்தாள். இருமல் கேட்கவில்லை.

எட்டு வருடமாக அந்த வீட்டில் இருமல்தான் கடிகாரம். அவள் கணவர் ஏனோக் எழுந்ததும் இருமுவார், காபி குடித்ததும் இருமுவார், மதியம் இரண்டரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பிவரும் செருப்புச் சத்தம் கேட்டதும் இருமுவார். முதலில் குட்டையாக இரண்டு, பிறகு நெஞ்சின் அடியில் யாரோ ஜல்லியை வாரிக் கொட்டுவது போல நீளமாக ஒன்று. அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு உள்ளே போகக் கால் வரும். இன்று தெருக்குழாயடியில் குடம் நிரம்பும் சத்தம் கேட்டது, மாரிகுப்பம் போகும் ரயில் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனைத் தாண்டிப் போகிற தடதடப்பு கேட்டுத் தேய்ந்தது, பக்கத்து வீட்டு ரேடியோவில் யாரோ கன்னடத்தில் செய்தி வாசித்தார்கள். இருமல் மட்டும் இல்லை. அதற்குப் பதிலாகக் கதவிடுக்கு வழியாக ஒரு வாசனை வந்தது. ப்ளீச்சிங் பவுடர். காலையிலிருந்து அவள் கழுவித் துடைத்துவிட்டு வந்த ஆண்கள் வார்டின் வாசனை அவளுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து காத்திருந்தது.

கதவைத் தள்ளினாள். தரை முழுக்க ஈரம். ஏனோக் முட்டி போட்டு உட்கார்ந்து, துணியைப் பக்கெட்டில் முக்கிப் பிழிந்து, கட்டில் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்து வா மே. இன்னும் காயல."

"உங்களுக்கு இன்னாத்துக்குங்க இந்த வேல? மூச்சு வாங்காதா?"

"வாங்கல. காலையில இருந்து ஒரு தடவ கூட இருமல."

அவள் சிரித்தாள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். எத்தனை ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முட்டி போட்டு அவள் கேட்டது இது ஒன்றைத்தானே. சிரித்தபடியே ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துவிட்டாள். சமையலறைக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள், திறந்த ஜன்னல்களை மறுபடி ஒருமுறை போய்ப் பார்த்தாள்.

ஏனோக் இருபத்தாறு வருடம் தங்கச் சுரங்கத்தில் மரம் கட்டுகிறவராக இருந்தார். ஷாஃப்டில் இறங்கி, ஒவ்வொரு லெவலாக, மேலே இருக்கும் பாறை ஆட்கள் தலையில் விழாமல் மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்துகிற வேலை. பாறை ஒருநாளும் அவர் மேல் விழவில்லை. தூசிதான் உள்ளே போய் உட்கார்ந்தது. பெரிய டாக்டர் எக்ஸ்ரே பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்த அன்று அவருக்கு ஐம்பது வயது. அதன் பிறகு கட்டில், ஜன்னல், கட்டில். பியாட்ரிஸ் வார்டில் ஆயாவாக இருந்ததால் அவர் நெஞ்சில் என்ன நடக்கிறது, எப்படி முடியும், எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததை அவரிடம் சொன்னதில்லை.

அந்த ஜூலையில் வீட்டுக்குப் பின்னால், குளியலறைத் தண்ணீர் ஓடுகிற இடத்தில், ஒரு பரங்கிக்கொடி தானாக முளைத்தது. இருவரில் யாரும் விதை போடவில்லை. பிடுங்கிப் போடப் போன ஏனோக் என்ன நினைத்தாரோ, பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு வந்தார். மாதம் முடிவதற்குள் இலைகள் முறம் அளவுக்கு விரிந்தன. பிடித்த பிஞ்சுகளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் கிள்ளிப் போட்டார். பந்து அளவு ஆனதும் ஈரம் படாமல் அடியில் மணல் மெத்தை போட்டார். வெயிலில் தோல் இறுகி வெடிக்காமல் இருக்க மேலே நனைத்த சாக்கைப் போர்த்தினார். ஆகஸ்ட் கடைசியில் அது அரிசி மூட்டையைவிடப் பெரிதாகி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, படுத்திருக்கும் மாடு போலக் கிடந்தது.

சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருக்கிறவர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். டிராக்டர் ஓட்டும் ராஜப்பா வந்து, அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "அக்டோபர்ல கிளப்புல காய்கறிக் கண்காட்சி நடக்குதுண்ணா. இத இட்டுகினு போனா மத்தவன்லாம் அவன் அவன் கூடைய எடுத்துகினு வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்" என்றான். ஏனோக் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருடமாகிறது என்று பியாட்ரிஸ் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது இருமலாக உடைந்தது.

செப்டம்பரில் மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் காலையில் காம்புக்குப் பக்கத்தில் எட்டணா அளவில் ஒரு பழுப்புப் புள்ளி. ஏனோக் விரலை வைத்தார். அமுங்கியது.

"போச்சு மே" என்று ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு பியாட்ரிஸால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

"வார்டுல படுக்கைப்புண்ணுக்கு இன்னா செய்றோம்?" என்றாள் கடைசியில். "அழுகினத எல்லாம் சொரண்டி எடுத்துடுவோம். நல்ல சதை வர்ற வரைக்கும். பாவம் பாக்கக் கூடாது. அப்பால ப்ளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணி ஊத்திக் கழுவிட்டு காய வுட்டா, தானா மூடிக்கும். மனுசனுக்கு ஆவறது காய்க்கு ஆவாதா?"

அவளே ப்ளீச்சிங் பவுடர் வாங்கி வந்தாள். ஒரு பக்கெட் தண்ணீருக்கு இரண்டு கரண்டி கரைத்து, தெளிந்ததும் மேலாக இறுத்து எடுத்தாள். குழம்புக் கரண்டியை அதில் முக்கிக் கொடுத்தாள். ஏனோக் பழுப்பெல்லாம் போய் உள்ளே கெட்டியான மஞ்சள் தெரியும்வரை தோண்டினார். நான்கு முறை கழுவினார். வீட்டு மின்விசிறியை நீண்ட வயரில் இழுத்துப் போய்க் காற்று காட்டினார். மூன்றாம் நாள் அந்தக் குழி காய்ந்து, வெளுத்து, ஆறின புண் போல மூடியிருந்தது. பியாட்ரிஸ் அதைத் தடவிப் பார்த்தாள். ஒரு நோயாளியை டிஸ்சார்ஜ் செய்து அனுப்பியது போல மனசு நிறைந்தது.

ஆனால் ஏனோக் நிறுத்தவில்லை. தினமும் மூன்று வேளை காயைத் துடைத்தார். கொடியின் மேல் தெளித்தார். மணலைப் புரட்டிப் பினாயில் ஊற்றினார், கத்தியையும் கரண்டியையும் டெட்டாலில் ஊறப்போட்டார். பிறகு பின்கதவைத் துடைத்தார். இன்று கட்டிலுக்கு வந்திருக்கிறார்.

மூன்று வாரம் ஆயிற்று. இருமல் திரும்பி வரவில்லை. ஏனோக் நேராக நடந்தார், மேடேறினார், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளப்பு வரை போய்க் கண்காட்சிக்குப் பெயர் கொடுத்தார், அதன் பிறகு தினமும் மதியம் அங்கேயே பழைய கூட்டாளிகளோடு பேசியிருந்துவிட்டு வந்தார். பார்த்தவர்கள் அதிசயப்பட்டார்கள். கோவிலில் அவருக்காகச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்ற பியாட்ரிஸ், ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள். அந்த நெஞ்சு குணமாகிற நெஞ்சு இல்லை. எத்தனை பேரை அவளே துணி சுற்றி அனுப்பியிருக்கிறாள்.

இன்னொன்றும் இருந்தது. கரண்டி.

அவள் வேலையிலிருந்து வரும்போதெல்லாம் அது அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கும். ஈரமாக. ஒவ்வொரு நாளும்.

"மறுபடி புள்ளி வந்துச்சா? எங்க சொரண்டினீங்க?"

"சின்னதா ஒண்ணு. பாத்துகினேன்."

அவள் பின்னால் போய்ச் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். காயை ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து, அடிப்பக்கம் மணலுக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். பழைய தழும்பு ஒன்றைத் தவிர அதன் உடம்பில் ஒரு கீறல் கூட இல்லை. மறுநாளும் கரண்டி ஈரமாக இருந்தது. மறுநாளும் காயில் ஒன்றும் இல்லை.

வார்டில் அவளுக்குக் கை ஓடவில்லை. துடைத்த இடத்தையே துடைத்தாள். மற்ற ஆயாக்கள் கேட்டதற்குத் தூக்கம் சரியில்லை என்றாள். பூமிக்கடியில் எங்கோ பாறை வெடித்து, கண்ணாடி ஜன்னல்கள் கிடுகிடுத்தபோது, சின்ன வயதிலிருந்து பழகின அந்த அதிர்வுக்கு அவள் மட்டும் கையிலிருந்த பேசின் பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

கண்காட்சி சனிக்கிழமை. வியாழக்கிழமை மதியம் அவள் திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு கங்கம்மா வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஏன் பியாட்ரிசு, வூட்டுக்காரருக்கு ஜாஸ்தி ஆயிடுச்சா? டாக்டராண்ட காட்டலாம் இல்ல?"

"அவருக்கு நல்லாத்தானே கீது. இருமல் நின்னு மூணு வாரம் ஆவுது."

கங்கம்மா கையில் பிழிந்த துணியோடு அவளைப் பார்த்தாள். "இன்னா சொல்ற? மத்தியானமெல்லாம் பின்னாடி இருமிகினே கீறாரு. இப்பக் கூட கேட்டுது."

"அவரு மத்தியானத்துல வூட்ல இருக்கறதே இல்லக்கா. கிளப்பாண்ட போயிடறாரு."

"அப்ப யாரு இருமறது?"

கேட்டுவிட்டு கங்கம்மா பதிலுக்கு நிற்கவில்லை. பாதித் துணியைப் பக்கெட்டிலேயே விட்டு உள்ளே போனாள். இந்தப் பக்கம் பார்த்த ஜன்னலை அவள் சாத்தித் தாழ் போடும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை வார்டில் வேலைக்கு ஆள் குறைவு. பியாட்ரிஸ் வீட்டுக்கு வர ஐந்தரை ஆகிவிட்டது. வானம் கறுத்து இறங்கியிருந்தது. மழை இன்னும் தொடங்கவில்லை. தங்கம் எடுத்த கழிவு மண்ணைக் கொட்டி வைத்த சயனைடு மேட்டிலிருந்து கிளம்பின வெள்ளைத் தூசி தெரு முழுக்க மிதந்தது. ஏனோக் வீட்டில் இல்லை. நாளைக் காலை வண்டிக்கு ராஜப்பாவிடம் சொல்லிவிட்டு வரப் போயிருப்பார். அவள் பையைக் கூடக் கீழே வைக்காமல் நேராகப் பின்கதவுக்குப் போனாள். கதவைத் திறந்தாள். நின்றாள். திரும்பி உள்ளே வந்து பையை வைத்தாள். மறுபடி போனாள்.

பின்கட்டு அமைதியாக இருந்தது. அந்த அமைதி பழகின அமைதி இல்லை. ஈ இல்லை, கொசு இல்லை, மழைக்கு முன்னால் வேலியோரம் கத்தும் பூச்சிகள் ஒன்று கூட இல்லை, மண்ணில் ஒரு எறும்பு ஓடவில்லை. வெளுத்துப்போன மணலின் மேல், ப்ளீச்சிங் பவுடரும் பினாயிலும் கலந்து தொண்டையைக் கரிக்கிற வாசனைக்கு நடுவில், பச்சையாகக் கொழுத்த கொடியும் சாக்கு போர்த்திய அந்தப் பெரிய உருவமும் மட்டும்தான் உயிரோடு இருந்தன.

அவள் சாக்கை இழுத்தாள். தோல் பளபளத்தது. கையை வைத்தாள். சூடு.

வெயில் சூடு என்று நினைத்தாள். காலையிலிருந்து வெயிலே இல்லை.

கையை எடுக்க நினைத்தாள். அதற்குள் உள்ளங்கைக்கு அடியில் அது அசைந்தது. லேசாக. மேலே ஒருமுறை. கீழே ஒருமுறை.

பிறகு கேட்டது.

குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று. நெஞ்சின் அடியில் ஜல்லி.

அவள் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. மணலில் முட்டி போட்டு, அந்த வெதுவெதுப்பான தோலில் காதை வைத்தாள். உள்ளே மூச்சு இழுபட்டது. விசில் மாதிரி ஒரு இழுப்பு, ஒரு தடுமாற்றம், மறுபடி இழுப்பு. எட்டு வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு. லட்சம் பேர் மூச்சு விட்டாலும் அவள் இதைப் பிரித்துச் சொல்லிவிடுவாள்.

"ஏங்க" என்றாள், தன்னையறியாமல்.

உள்ளே மூச்சு நின்றது. காது கொடுப்பது போல.

அவள் பின்னால் விழுந்தாள். எழுந்தாள். டெட்டால் டப்பாவில் நின்ற கத்தியை உருவினாள். காம்பு மணிக்கட்டுத் தடிமன் இருந்தது. கத்தியை அதன்மேல் வைத்து ஓங்கி அழுத்தப் போனாள். உள்ளே மறுபடி இருமல். இந்த முறை மெதுவாக. முடியாதவர் இருமுவது போல. வெட்டினால் நிற்பது எது? கொடியா? அவருடைய மூச்சா? வெட்டினால் செத்துப் போவது யார்?

கத்தி மணலில் விழுந்தது.

"பியாட்ரி."

வீட்டுக்குள்ளிருந்து. ஏனோக்கின் குரல். இழுப்பு இல்லாமல், தெளிவாக, கல்யாணமான புதிதில் கேட்ட குரல் போல. அவர் எப்போது வந்தார்? அவள் பார்க்கும்போதே வீட்டுக்குள் எரிந்த விளக்கு அணைந்தது. லைன் முழுக்க அணைந்தது. மழைக்கு முன் எப்போதும் கரண்ட் போகும். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

ஏனோக் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சட்டை கழற்றியிருந்தது. மூன்று வாரமாக அவர் அவள் கண்முன் சட்டையைக் கழற்றவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலடியில் பக்கெட்.

"டார்ச்ச எடு மே. ராஜப்பா காலையில ஏழு மணிக்கு வண்டிகினு வர்றான். அதுக்குள்ள இத முடிச்சிடலாம்."

"எத?"

"முன்பக்கம்லாம் நானே பாத்துகினேன். முதுகுக்குக் கை எட்டல."

ஆஸ்பத்திரிப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தாள். இரண்டு முறை கைதவறியது. மூன்றாம் முறை எரிந்தது.

இடது தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குத் தோல் பழுப்பாக இருந்தது. சுற்றிலும் வெளுத்து, காய்ந்து, சுத்தமாக. ரத்தம் இல்லை. சீழ் இல்லை. நூறு முதுகுகளைத் தொட்ட பழக்கத்தில் அவள் விரல் தானாகப் போய் ஓரத்தை அழுத்தியது.

விரல் உள்ளே போனது.

"வலிக்குதா?"

"இல்ல. மூச்சு எவ்ளோ நல்லா போவுது தெரியுமா?"

பின்கதவு திறந்தே கிடந்தது. அதன் வழியாக, இருட்டிலிருந்து, குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று.

ஏனோக் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை. "கேட்டியா? பாவம், எல்லாத்தையும் அது எடுத்துகிச்சு. நாளைக்கு வண்டியில ஏத்தி அனுப்பிட்டா முடிஞ்சுது."

தோளுக்கு மேலாகக் கையை நீட்டினார். கையில் கரண்டி. ஈரமாக.

அவள் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இருபது வருட வார்டு அவள் கையில் இருந்தது. கை கரண்டியை வாங்கியது. பக்கெட்டில் முக்கியது. ஓரத்திலிருந்து ஆரம்பித்தது. பழுப்புச் சதை தடுப்பே இல்லாமல் வந்தது. மெத்தென்று பக்கெட்டில் விழுந்தது. மறுபடி. மறுபடி. ஏனோக் நெளியவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. மழைக்குள்ளும் இருமல் கேட்டது.

"இன்னா தெரியுது?" என்றார்.

அவள் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனாள்.

எலும்பு இல்லை. ரத்தம் இல்லை. அந்தக் குழிக்குள் ஈரமான மஞ்சள் நார்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை இழுத்துக் கட்டியிருந்தன. அவர் மூச்சை இழுக்கும்போது இறுகி, விடும்போது தளர்ந்தன. நார்களுக்கு நடுவே தட்டையான வெள்ளை விதைகள். வரிசை வரிசையாக. நெருக்கமாக. உள்ளே வெளிச்சம் எட்டும் தூரம் வரைக்கும். முன்வரிசையில் ஒரு விதை முனை பிளந்திருந்தது. அதிலிருந்து நூல் போல ஒரு வெள்ளை முளை வெளியே வந்து, மெதுவாக வளைந்து, அவள் பிடித்திருந்த வெளிச்சத்தின் பக்கம் திரும்பியது.